கதிரவனும் கரும்புள்ளியும்

ஏப்ரல் மாத நடுவில் ஒரு நாள், நண்பகல் வேளையில், அமராவதி அணையின் கரைமேல் ஒரு மூங்கில் கழியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அதற்கு நிழலே இராது. நிமிர்ந்து நிற்கும் உங்கள் நிழலும் உங்கள் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அமராவதி நகர் நில நடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 17ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறான். 1957இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணைக்கு ஆண்டுதோறும் என் மாணவர்களை இந்தக் கழியுடன் அழைத்துச் செல்வது என் வழக்கம். அணையின் முதலைப் பண்ணையையும் பார்த்துவிடலாம் என்பதால் வருகைப் பதிவு என்றும் குறைந்ததில்லை!

சென்ற முறை கழியின் நிழல் மறைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, "சார், இந்த வெயிலில்தானே கல்லாபுரம் வயல்களில் ஆயுள் முழுதும் நிற்கிறார்கள்? அவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வராதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நேரான விடை "பெரும்பாலும் வராது" என்பதே. ஆனால் இந்த விடையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நமது மேல்தோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், நீங்கள் எழுதும் தாளின் கனம்தான். அதன் அடிவரிசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறமிச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, அண்டையிலுள்ள செல்களுக்கு வழங்குவது இவற்றின் வேலை. பெற்றுக்கொண்ட செல் அப்பொட்டலங்களைத் தன் உட்கருவின் தலைமேல் குடைபோலக் கவித்துக்கொள்கிறது. கறுப்பு மனிதருக்கும் வெள்ளை மனிதருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பொட்டலங்களின் அளவிலும் அடர்த்தியிலும்தான் வேறுபாடு.

குடை எதற்கு? கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதியைப் புற ஊதா-பி என்கிறோம். ஓசோன் படலம் இதில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. தப்பி வரும் சிறு பங்கு, செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ.யில் அடுத்தடுத்து அமைந்த இரு தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஏணியின் அடுத்தடுத்த இரு படிகள் ஒட்டிக்கொண்டால் ஏறுபவன் தடுமாறுவான் அல்லவா? அதுபோல் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும்போது பிழை நேர்கிறது. செல்லிடம் இதைச் செப்பனிடும் நொதிகள் உண்டு. அவை பிறவியிலேயே பழுதுபட்டவர்களும் உண்டு. 'சீரோடெர்மா பிக்மென்டோசம்' என்னும் அந்த நோயில் இளம் குழந்தைகளுக்கே தோலில் புற்று வருகிறது. அவர்களின் செல்களில் இந்தச் செப்பனிடும் திறன் குறைந்திருப்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்த பின்னரே, வெயிலுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு டி.என்.ஏ. அளவில் விளங்கியது.

செப்பனிடப்படாமல் தங்கிய பிழைகள் நிறமிச் செல்லில் சேர்ந்து, அச்செல் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால் அதுவே மெலனோமா, அதாவது கருநிறமிப் புற்று. தோலில் தோன்றும் புற்றுகளில் இது குறைவாகவே காணப்படுவது. ஆனால் அவற்றில் மிகக் கொடியது. கரு வளரும் காலத்தில் முதுகந்தண்டின் ஓரத்தில் பிறந்து, உடலெங்கும் நடந்து சென்று தோலில் குடியேறியவை இந்த நிறமிச் செல்கள். இளமையில் கற்ற அந்த நடை, புற்றான பிறகு அவற்றுக்கு மீண்டும் கைவந்துவிடுகிறது போலும்! மிகச் சிறிய கட்டியிலிருந்தே நிணநீர்க்கணு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவிவிடுகின்றன. 1806இல் இந்நோயைத் தனியொரு நோயாக விவரித்து அச்சிட்டவர், பின்னாளில் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லேன்னெக்தான்.

வெள்ளைத் தோலின் கதை

1956இல் ஹென்றி லங்காஸ்டர் என்னும் ஆஸ்திரேலியர் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய வழிவந்தவர்கள் நில நடுக்கோட்டை நெருங்கி வாழ வாழ அவர்களிடையே மெலனோமா இறப்பு கூடுவதைக் கண்டார். மங்கலான வெயிலுக்குப் பழகிய தோல் நெருப்பு வெயிலில் போய்க் குடியேறியதன் விளைவு அது. இன்று உலகில் இந்நோய் மிகுந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கு இலட்சம் பேரில் ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. இந்தியாவில் இலட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை.

ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்த தோலில் வரும் மெலனோமாவுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. அறுபது எழுபது வயதானவரின் கன்னத்திலோ மூக்கிலோ தேமல்போலத் தட்டையான பழுப்புத் திட்டு ஒன்று தோன்றும். வலியில்லை, அரிப்பில்லை. ஓரம் கடலோரத்து வரைபடம்போல் கோணல் மாணலாக, ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். 'லென்டிகோ மாலிக்னா' என்பது அதன் பெயர். 1890களில் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் இதை விவரித்தார். பல ஆண்டுகள் அது மேல்தோலுக்குள்ளேயே படர்ந்துகொண்டிருக்கும். அப்போது அதனை நீக்கிவிட்டால் நோயாளி முற்றிலும் தப்பிவிடுவார். மேல்தோலைத் துளைத்து உள்தோலுக்குள் இறங்கிவிட்டால்தான் அது உயிருக்கு உலை வைக்கும்.

நம் வயல்களில் உழைக்கும் முதியவர்களின் பிடரியையும் முழங்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிடரித் தோல் தடித்து, கட்டம் கட்டமாகச் சுருங்கியிருக்கும். வெயிலின் சேதம் நமக்கும் உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அதில் மெலனோமா அரிதினும் அரிது. கன்னத்தில் படரும் மங்கும், வயதானவர்களின் முகத்தில் ஒட்டவைத்ததுபோல் எழும் கறுப்பு மருக்களும் புற்று அல்ல. நம்மிடையே வெயிலை உண்மையாகவே அஞ்ச வேண்டியவர்கள், பிறவியிலேயே மெலனின் இல்லாமல் வெண்ணிறத் தோலும் வெண்முடியும் கொண்டவர்கள். ஊரார் "வெள்ளைக்காரன்" என்று கேலி செய்யும் அந்தப் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அலங்காரமல்ல, மருந்து. அவர்களுக்கு வரும் புற்றுகள் பெரும்பாலும் வேறு வகையின. மெலனோமா வந்தாலும் கறுப்பாக இராமல் இளஞ்சிவப்பாகத் தோன்றி ஏமாற்றக்கூடும்.

சட்டை என்றதும் நம் மாவட்டத்துத் தொழில் நினைவுக்கு வருகிறது. திருப்பூர்ப் பனியன் துணி வெயிலை எவ்வளவு தடுக்கும்? மெல்லிய வெள்ளைப் பருத்திப் பின்னலாடை, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். வியர்வையில் நனைந்தால் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடும். அதையே இழுத்துப் பிடித்தால் பின்னல் கண்கள் திறந்து இன்னும் அதிகமாக நுழையும். பருத்தியின் இயற்கை நிறப்பொருள்கள் புற ஊதாவை உறிஞ்சுபவை; வெளுக்கும்போது அவை போய்விடுகின்றன. ஆகவே வெளுத்த துணியைவிட வெளுக்காத கோராத் துணி நல்ல காப்பு. ஆனால் துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ஒளிர்வெண்மைப் பொருள், புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடுவதால் இழந்ததில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுகிறது.

நனைந்த பனியன் ஏன் கதிரை அதிகம் விடுகிறது என்று யோசித்தீர்களா? பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55; காற்றுக்கு 1. இந்தப் பெரிய வேறுபாட்டால் இழைக்கு இழை ஒளி சிதறித் திரும்புகிறது. இடைவெளிகளில் 1.33 ஒளிவிலகல் எண்ணுள்ள நீர் புகுந்தால் வேறுபாடு குறைந்து, சிதறலும் குறைகிறது. எண்ணெய் பட்ட காகிதத்தின் வழியே எழுத்துத் தெரிவதும் இதனால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தோல் மருத்துவரின் அறையில் இதே பாடம் வரப்போகிறது.

வெயில் படாத இடத்தில்

என் பெரியப்பா ஒருவர் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவருடைய இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், புளியங்கொட்டை அளவில் ஒரு கரும்புள்ளி. "முள்ளுக் குத்துனதுதான் கண்ணு, தானாச் சரியாப் போயிரும்" என்றார். சரியாகப் போகவில்லை. கால் ஆணி என்று எண்ணி எருக்கம்பால் வைத்தார். பிறகு பிளேடால் சீவினார். சீவிய இடம் ஆறாமல் கசிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடையிடுக்கில் நெறி கட்டியபோதுதான் மருத்துவமனைக்குப் போனோம். அறுவை செய்து எடுத்த திசுவின் அறிக்கையில், புற்றின் கனம் 6 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. எட்டு மாதத்தில் அவர் இறந்தார். எம்.எஸ்ஸி. படித்த நானும் அந்தக் காலைப் பலமுறை பார்த்தவன்தான். தோல் புற்று என்றால் வெயில், வெயில் என்றால் வெள்ளைக்காரர் என்றே அறிந்திருந்தேன். உள்ளங்காலில் வெயில் எங்கே படுகிறது?

அதுவே நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் மக்களிடையே காணும் மெலனோமாவில் பெரும் பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலும், வாய், ஆசனவாய் போன்ற இடங்களின் உட்சவ்விலும் தோன்றுகிறது. ஆப்பிரிக்கரிடமும் சீனர், ஜப்பானியரிடமும் இதே நிலைதான். இதில் கணக்குப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. உள்ளங்கால் மெலனோமா நமக்கு வெள்ளையரைவிட மிக அதிகமாக வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். எல்லா இனத்தாருக்கும் அது ஏறத்தாழ ஒரே அளவில், மிக அரிதாகத்தான் வருகிறது. வெள்ளையருக்கு வெயிலால் வருவது மிகப் பெரும் தொகையாக இருப்பதால், அவர்களின் கணக்கில் உள்ளங்கால் சிறு விழுக்காடாகிவிடுகிறது. நமக்கு வெயிலால் வருவது இல்லையென்றே சொல்லும்படி இருப்பதால் உள்ளங்கால் பெரிய விழுக்காடாகத் தெரிகிறது. ஆகவே மேல்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு முகத்தையும் முதுகையும் மட்டும் சோதிப்பவர் தவறான இடத்தில் தேடுகிறார். வெயில் காப்புக் களிம்பு விளம்பரங்களும் நம்மை அந்தத் தவறான இடத்துக்கே அழைத்துச் செல்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1992இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில், நாள்தோறும் களிம்பு பூசியவர்களுக்கு மெலனோமா பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் உள்ளங்காலில் அதைப் பூசிப் பயனில்லை.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அதற்கு முன் அது கால்பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே கருதப்பட்டது. விரலை எடுக்க அவர் இசையவில்லை. 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

கண்ணால் காண்பது

மருத்துவர்கள் கரும்புள்ளியை எடைபோடும் முறைக்கு 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் ஒரு வாய்பாடு தந்தனர். புள்ளியின் ஒரு பாதி மறு பாதியைப்போல் இல்லாமை, ஓரம் சீரற்றிருத்தல், ஒரே புள்ளியில் பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம் என்று நான்கு. பின்னர் ஐந்தாவதாக 'மாறிக்கொண்டே இருத்தல்' சேர்ந்தது. என் கருத்தில் இந்த ஐந்தாவதுதான் பாமரருக்கு மிகவும் பயன்படக்கூடியது. பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் மச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றி, மாதத்துக்கு மாதம் வளரும் புள்ளியைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

நகத்தில் வருவது இன்னும் ஏமாற்றும். ஹட்சின்சன் 1886இலேயே இதைக் 'கரும் நகச்சுற்று' என்று பெயரிட்டழைத்தார். நாம் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரிவதை அவர் பார்த்திருக்க வேண்டும்! நகத்தின் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் நம் நிறத்தாரில் பலருக்குப் பல விரல்களில் இயல்பாகவே உண்டு, அச்சம் வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு ஒரே விரலில் புதிதாகக் கோடு தோன்றி, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, நகத்தைத் தாண்டி விளிம்புத் தோலிலும் கருமை பரவினால் அது ஹட்சின்சன் சொன்ன அறிகுறி.

வெறுங்கண்ணுக்கு ஒரு தடை இருக்கிறது. காய்ந்த தோலின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 1.55. காற்றிலிருந்து அதன்மேல் நேராக விழும் ஒளியில் எவ்வளவு திரும்புகிறது? வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து இருமடியாக்க வேண்டும்: 0.55ஐ 2.55ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.047. நூற்றுக்கு ஐந்து பங்கு ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிக் கண்ணைக் கூசச் செய்வதால் அடியிலுள்ள நிறமி சரியாகத் தெரிவதில்லை. தோலின்மேல் ஒரு துளி எண்ணெயிட்டுக் கண்ணாடியை வைத்து அழுத்தினால், எண்ணெயின் எண்ணும் 1.5ஐ ஒட்டியிருப்பதால் இந்த எதிரொளிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். நனைந்த பனியன் இங்கே வந்துவிட்டது பாருங்கள். டெர்மோஸ்கோப் என்னும் கருவி, பத்து மடங்கு பெருக்கும் ஆடியும் சிறு விளக்கும் கொண்டு இதைத்தான் செய்கிறது. எண்ணெய் வேண்டாத கருவிகளும் உண்டு. அவை தளவிளைவுற்ற ஒளியைத் தோலில் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தான தளத்து ஒளியை மட்டும் கண்ணுக்கு விடுகின்றன. மேற்பரப்பில் திரும்பும் ஒளி தன் தளம் மாறாததால் தடுக்கப்படுகிறது. உள்ளே சென்று சிதறித் தளம் குலைந்த ஒளி மட்டும் கண்ணுக்கு வருகிறது.

இப்படிப் பார்க்கும்போது நிறமே ஆழத்தைச் சொல்லிவிடும். மெலனின் மேற்பரப்பில் இருந்தால் கறுப்பாகவும், மேல்தோலின் அடிவரிசையில் இருந்தால் பழுப்பாகவும், உள்தோலில் இருந்தால் சாம்பல் அல்லது நீலமாகவும் தெரியும். அதே மெலனின் ஆழத்தில் நீலமாவது எப்படி? சிவப்பு ஒளி ஆழமாக ஊடுருவிச் சென்று அங்குள்ள மெலனினால் விழுங்கப்படுகிறது. அலைநீளம் குறைந்த நீல ஒளியோ அங்கே போய்ச் சேருமுன்பே வழியில் சிதறிக் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. அணையிலிருந்து பார்க்கும்போது ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரிவதற்கும் சிதறலே காரணம். ஆகவே வளரும் புள்ளியொன்றில் சாம்பல் நீலம் கண்டால் மருத்துவர் கவலைப்படுகிறார். வெயிலில் கெட்ட முகத்தோலில், மயிர்க்கால்களின் வாயைச் சுற்றிச் சாம்பல் நிறப் புள்ளிகள் சேர்வது லென்டிகோ மாலிக்னாவின் தொடக்க அடையாளம்.

உள்ளங்காலுக்கு வேறு அடையாளம். கைரேகைபோல் அங்கும் வரப்பும் வாய்க்காலுமாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? வியர்வைத் துளைகள் வரப்பின்மேல் வரிசையாக இருப்பதால் எது வரப்பு என்று கண்டுகொள்ளலாம். சாதாரண மச்சத்தின் நிறமி பெரும்பாலும் வாய்க்காலில் தங்கும். மெலனோமாவின் நிறமி வரப்பில் படியும். ஜப்பானில் தோஷியாகி சைதாவும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளங்கால், உள்ளங்கை மெலனோமாக்கள் 100இல் 86இல் இந்த வரப்புக் கோலம் இருந்தது. சாதாரண மச்சங்களில் 100க்கு ஒன்றில்தான் இருந்தது. கத்தி வைக்காமலேயே இவ்வளவு தெரிந்துவிடுகிறது!

ஆனால் முடிவான தீர்ப்பு நுண்ணோக்கியின்கீழ்தான். ஐயத்திற்குரிய புள்ளியைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலுடன் முழுமையாக வெட்டியெடுத்துச் சோதிப்பது பயாப்சி. "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முறைப்படி எடுக்கும் பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. கேடு விளைவிப்பது, சோதனைக்கு அனுப்பாமல் எருக்கம்பாலாலோ அமிலத்தாலோ சுடுவது. அழகு நிலையத்தில் லேசரால் பொசுக்குவதும் அதைச் சேர்ந்ததுதான், தடயம் அழிந்துவிடுகிறது. முகத்தில் பெரிய திட்டாக இருந்தால் முழுதும் எடுப்பது கடினம். ஒரே இடத்தில் சிறு துண்டெடுத்தால் நோயுள்ள இடம் தவறிவிடலாம். வெயிலில் கெட்ட தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நோயில்லாத இடத்திலும் நிறமிச் செல்கள் கூடுதலாகவே இருக்கும். புற்று எங்கே முடிகிறது, வெயிலின் சேதம் எங்கே தொடங்குகிறது என்று எல்லை பிரிக்கத் தேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநரும் திணறுகிறார்.

ஒரு மில்லிமீட்டர்

1970இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ மிக எளிய ஒன்றைச் செய்தார். நுண்ணோக்கியின் கண்ணாடியில் பொறித்த அளவுகோலைக்கொண்டு, புற்று மேல்தோலிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்தார். நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்வதில் வேறு எந்த ஒற்றை அளவும் இதற்கு ஈடாகவில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் அறிக்கையில் முதலில் தேடப்படுவது இந்த எண்ணே. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து, நிணநீர்க்கணுக்களுக்கும் பரவாதிருந்தால், பத்தாண்டு கழித்தும் மெலனோமாவுக்கு இரையாகாமல் இருப்பவர்கள் 100இல் 95 பேருக்கும் மேல் என்பது மேல்நாட்டு மருத்துவமனைகளின் கணக்கு. பெரியப்பாவின் அறிக்கையிலிருந்த 6ஐ நான் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தது அவர் இறந்த பிறகுதான்.

தொடக்க நிலையில் சிகிச்சை அறுவையே. எவ்வளவு நல்ல தோலைச் சேர்த்து எடுப்பது? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் என்று பெருங்குழியே தோண்டினர். 1988இல் இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரொனேசி தலைமையில் நடந்த ஆய்வு, 2 மில்லிமீட்டருக்கு மிகாத புற்றுக்கு 1 சென்டிமீட்டர் எடுத்தவர்களும் 3 சென்டிமீட்டர் எடுத்தவர்களும் ஒரே அளவில் பிழைத்ததைக் காட்டியது. இன்று மேல்தோலுக்குள் அடங்கியதற்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வரை இறங்கியதற்கு 1 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதற்கு 2 சென்டிமீட்டர். உள்ளங்காலில் உண்டாகும் குழியை, பாதத்தின் உள்வளைவிலிருந்து, எடை தாங்காத இடத்துத் தோலை நகர்த்தி மூடிவிடுகிறார்கள். நகத்தடியில் தொடக்க நிலையாயின் விரலைக் காப்பாற்றி நகப்பகுதியை மட்டும் நீக்குவதும் இயல்கிறது. முகத்திலுள்ள லென்டிகோ மாலிக்னாவுக்குக் கண், மூக்கு, உதடு இடம் தராததால், ஓரத்தைச் சிறிது சிறிதாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து முன்னேறுகிறார்கள். அறுவை தாங்காத முதியவர்களுக்கு இமிக்விமாட் என்னும் களிம்போ கதிர்வீச்சோ தரப்படுவதுண்டு; அறுவையளவு உறுதி அவற்றுக்கு இல்லை.

கனம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் புற்று நிணநீர்க்கணுவுக்குப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். 1992இல் டொனால்டு மார்ட்டன் வகுத்த முறை இது. புள்ளி இருந்த இடத்தில் நீலச் சாயத்தையும், இப்போது டெக்னீசியம்-99எம் கலந்த கூழ்மத்தையும் ஊசியால் செலுத்துகிறார்கள். அவை நிணநீரோடு ஓடி, முதல் கணுவில் தங்கும். டெக்னீசியத்தின் காமாக் கதிரை ஒரு சிறு உணர்கருவி தொடையிடுக்கில் தேடிப் பிடிக்கும்; அந்த ஒரு கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரமே என்பதால் மறுநாள் கதிரியக்கம் பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது.

பரவிய நோய்க்கும் இன்று மருந்துகள் வந்துள்ளன. உடலின் தற்காப்புச் செல்களுக்குப் பூட்டியிருக்கும் தடையை விடுவிக்கும் இந்த வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆனால் வெயிலால் வந்த மெலனோமாவில் டி.என்.ஏ. பிழைகள் ஏராளமாக இருப்பதால் தற்காப்புச் செல்கள் அதை அன்னியனென்று எளிதில் அடையாளம் காண்கின்றன. உள்ளங்கால் மெலனோமாவில் பிழைகள் குறைவு. மருந்தும் குறைவாகவே பலிக்கிறது. விலையோ சாதாரணக் குடும்பங்களின் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அறுவையோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் செய்யக்கூடியது. சென்னை அடையாற்றில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும் இருக்கிறது.

முதியவர்கள் தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது அரிது. குனியவும் முடியாது, கண்ணும் தெரியாது. வீட்டிலுள்ள பிள்ளைகள் கால் கழுவிவிடும்போது விரலிடுக்கு, குதிகால், நகம் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். நகத்தடியில் கருமை கண்டு, கல் தட்டிய இரத்தக்கட்டோ என்று ஐயம் வந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. கருமையின் அடி விளிம்புக்கு நேராக நகத்தில் மெல்லிய கீறல் ஒன்று போட்டு வைக்க வேண்டும். கால் பெருவிரல் நகம் மாதத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு வளரும். முதியவர்களுக்கு இன்னும் மெதுவாக. இரத்தக்கட்டானால் கருமையும் கீறலும் சேர்ந்தே முன்னால் நகரும். பின்னால் நல்ல நகம் தெளிவாக எழும். கீறல் மட்டும் நகர்ந்து, கருமை நகத்தின் வேரிலிருந்து வந்துகொண்டே இருந்தால் காத்திராமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அணையில் கேள்வி கேட்ட மாணவி, மறுவாரமே தன் பாட்டியின் வலது பெருவிரலில் கருமை இருப்பதாக வந்து சொன்னாள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு இரத்தக்கட்டாகத்தான் தெரிகிறது, இரண்டு மாதம் பார்க்கலாம் என்றாராம். அவளே ஊசிமுனையால் கீறல் போட்டு, வாரந்தோறும் வெர்னியர் அளவியால் அளந்து ஏட்டில் குறித்து வந்தாள். இரண்டு மாதத்தில் கீறல் 2.1 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கருமையும் அதே 2.1.